நாலு மணிக்குத் தின்ற பழம்

வெள்ளி, காலை 6.40.

"புள்ள, மைதீன் பாய் போயிட்டாரு" என்றது போனில் வந்த குரல்.

முஹ்ஸினா அப்போதுதான் அடுப்பில் பால் வைத்திருந்தாள்.

"எங்க போயிட்டாரு?"

"எங்க போவாரு? செத்துட்டாரு. தோப்புக் கொட்டகையில கெடக்காரு. உன் மருந்தடிச்ச பழத்தத் தின்னுட்டுத்தான் கெடக்காரு. நீ வா."

பேசியவர் சிவசைலம். இலஞ்சிக்கு மேற்கே பீர் மைதீனின் மங்குஸ்தான் தோப்புக்கு அடுத்த தோப்பு அவருடையது. முப்பது வருடமாக இரண்டு பேருக்கும் நடுவில் வேலி கிடையாது. முஹ்ஸினா மேலகரத்தில் இருந்த தோட்டக்கலை அலுவலகத்தில் உதவி அலுவலர். அவள் அடுப்பை அணைத்தாள். அடுப்பை அணைத்தோமா என்று திரும்பி வந்து பார்த்தாள். மறுபடியும் வந்து பார்த்தாள். பிறகு வண்டியை எடுத்தாள்.

7.20.

கொட்டகையில் இன்ஸ்பெக்டர் கௌரிசங்கர் குனிந்து நின்றிருந்தார். பீர் மைதீன் தரையில் ஒருக்களித்துக் கிடந்தார். காலடியில் தொழுகை விரிப்பு பாதி விரித்தபடி. தலைமாட்டில் ஒரு எவர்சில்வர் தட்டு, அதில் ஐந்து மங்குஸ்தான் ஓடுகள், உள்ளங்கையில் வைத்து அமுக்கிப் பிளந்தவை. சுவரோரப் பலகையில் ஒரு தண்ணீர் பாட்டில், மூடி திறந்த ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பா. அதன் பக்கத்தில் பலகையில் பழுப்பாக ஒரு வட்டம், ஏதோ பாத்திரத்தின் அடி ஒட்டி வைத்த ஈரக் கறை.

முஹ்ஸினா கைப்பேசியை எடுத்துத் தட்டைப் படம் பிடித்தாள். பிறகு பலகையையும். ஏன் பிடித்தாள் என்று அவளுக்கே தெரியாது. ஒவ்வொரு வாரமும் இந்தத் தோப்பில் பழத்தை உடைத்து, ஓட்டைப் படம் எடுத்து, பதிவேட்டில் எழுதுவாள். கை பழக்கத்தில் செய்தது.

"நீங்க யாரு?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"இந்தத் தோப்புல தெளிப்பு நடத்துற ஆபீசர்."

"சரி, நில்லுங்க. எதையும் தொடாதீங்க." சிவசைலத்தின் பக்கம் திரும்பினார். "நீங்கதான முதல்ல பார்த்தது?"

"ஆமா. ஆறு மணி இருக்கும். சீசன் முழுக்க பாய் இங்கனதான் படுப்பாரு. வவ்வாலும் குரங்கும் விடாதுல்லா. தெனமும் காலைல நான் வந்து ரெண்டு வார்த்தை பேசிட்டுப் போவேன்."

"கடைசியா உயிரோட பார்த்தது யாரு?"

"அதுவும் நான்தான். நேத்து சாயங்காலம் நாலு மணிக்கு வந்தேன். இந்தத் தட்டை மடியில வச்சுத் தின்னுக்கிட்டு இருந்தாரு. எனக்கும் ஒண்ணு நீட்டினாரு. சளி பிடிச்சிருக்கு, வேண்டாம்னுட்டேன்." சிவசைலம் தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "தின்னிருந்தா நானும் இங்கனதான் கெடந்திருப்பேன்."

"மருந்து யாரு அடிச்சது?"

"சங்கிலிப்பாண்டி. போன ஞாயித்துக்கிழமை. மொத நாள் இலத்தூர்ல வாழைக்குப் பூச்சிமருந்து அடிச்சிட்டு, அதே டேங்கைத் தூக்கிட்டு வந்தான். கழுவினானோ இல்லையோ, அந்தச் சாமிக்குத்தான் வெளிச்சம்." பிறகு முஹ்ஸினாவைப் பார்த்தார். "நான் அப்பமே சொன்னேன் புள்ள. சுண்ணாம்புத் தண்ணிய அடிச்சா பழம் மாறிருமா? மங்குஸ்தான்னா மங்குஸ்தான்தான். எந்த மரத்துல காச்சா என்ன? பாய் கேக்கல."

சாரல் தகரத்தின் மேல் விழுந்துகொண்டிருந்தது. ஒரு போலீஸ்காரர் ஓடுகளைப் பையில் அள்ளிப் போட்டார். முஹ்ஸினா ஓரமாக நின்றாள். யாரோ அவளை உட்காரச் சொன்னார்கள். அவள் ஏற்கெனவே உட்கார்ந்திருப்பதாகத்தான் நினைத்திருந்தாள்.

11.15.

காவல் நிலையத்தில் மின்விசிறி ஓடவில்லை.

"என்ன மருந்து அடிக்கச் சொன்னீங்க, மேடம்?"

"மருந்து இல்லை சார். கால்சியம் கரைசல்."

"எதுக்கு?"

"மங்குஸ்தான் வெளியே பார்க்க நல்லா இருக்கும். உடைச்சா உள்ள மஞ்சப் பிசின் வழிஞ்சிருக்கும், சுளை கசக்கும். ஓட்டுக்குள்ள பிசின் ஓடுற குழாய் வெடிக்கறதால வர்றது அது. பிஞ்சுலருந்தே ரெண்டு வாரத்துக்கு ஒருக்க கால்சியம் தெளிச்சா குழாய் கெட்டிப்படும். வெடிக்காது. பறிச்ச பழமும் நாலு நாள் கூடத் தாங்கும். வெளிநாட்டுக்கு அனுப்பலாம்."

"விஷமா?"

"தெளிக்கிற அளவுல இல்லை."

"டேங்குல பூச்சிமருந்து மிச்சம் இருந்தா?"

முஹ்ஸினா மேசையில் இருந்த ரப்பர் முத்திரையைப் பார்த்தாள்.

"கழுவச் சொல்லியிருந்தேன்."

"கழுவினதைப் பார்த்தீங்களா?"

"ஞாயித்துக்கிழமை. நான் வரலை."

"அப்போ பார்க்கலை."

"பார்க்கலை."

இன்ஸ்பெக்டர் எழுதிக்கொண்டார். "டாக்டர் பூச்சிமருந்துதான்னு சொல்லிட்டாரு. உயிர் போனது ராத்திரி ஏழுக்கும் ஒம்பதுக்கும் நடுவுல. வயித்துல சுளை ஒண்ணும் இல்லை, பழுப்பாக் கொஞ்சம் கூழுத் தண்ணி."

"அஞ்சு பழம் தின்னவரு வயித்துல ஒரு சுளைகூட இல்லையா?"

"வாந்தி எடுத்திருப்பாரு. வெளியே மழை கழுவிட்டுப் போயிருக்கும்."

"நாலு மணிக்குத் தின்னதுக்கு எட்டு மணிக்கா சார் உயிர் போகும்?"

"மெதுவா ஏறும்ங்கிறாங்க." பேனாவை மூடினார். "நீங்க மரத்தைப் பாருங்க மேடம். மனுசனை நாங்க பார்த்துக்கிறோம்."

அன்று மாலை பீர் மைதீனை அடக்கம் செய்தார்கள். ஷார்ஜாவில் பழக்கடை வைத்திருந்த மகன் முகம்மது ஆசிக், விமானம் பிடித்துத் திருவனந்தபுரத்தில் இறங்கி, மண் போடும் நேரத்துக்கு வந்து சேர்ந்தான். முஹ்ஸினா வீட்டில் சோற்றைப் பிசைந்து வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தாள். அழுகை வரவில்லை. தெளிப்பைப் பற்றி ஊரில் எழுபது தோப்புக்காரர்களிடம் அவள் பேசியிருந்தாள். சரி என்று முதலில் சொன்ன மனிதர் பீர் மைதீன். "நீ சொல்லுதே, நான் செய்யுதேன். காச்சா ரெண்டு பேருக்கும், காய்க்கலைன்னா எனக்கு மட்டும்" என்று சொல்லியிருந்தார்.

சனி, காலை 9.30.

அலுவலக வாசலில் சங்கிலிப்பாண்டியின் மனைவி சொக்கம்மாள் நின்றாள். குற்றாலம் அருவிக்கரையில் பழக்கூடை வைத்து விற்பவள். தலையில் நனைந்த துண்டு. கூடை இல்லை.

"உள்ள வாங்க" என்றாள் முஹ்ஸினா.

"வரதுக்கென்ன. அந்த மனுசன் உள்ளதான் இருக்காரு, நானும் எங்கயாவது உள்ள போக வேண்டியதுதான்." வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். "ஒத்துக்கிட்டாரு."

"எதை?"

"டேங்கைக் கழுவலைன்னு."

"கழுவலையா?"

"ஞாபகம் இல்லையாம். சனிக்கிழமை சாயங்காலம் கொஞ்சம் குடிச்சிருக்காரு. அடிச்சது ஞாபகம் இருக்கு, கழுவினது ஞாபகம் இல்லை. போலீஸ்காரங்க கேட்டதுக்கு, 'ஞாபகம் இல்லைன்னா கழுவலைன்னுதான அர்த்தம், அப்படியே எழுதிக்கிடுங்க'ன்னுட்டாராம். இன்னைக்கு அஞ்சு மணிக்கு மாஜிஸ்திரேட்டுகிட்ட கூட்டிட்டுப் போறாங்க. அதுக்கப்புறம் ஜெயிலு." சொக்கம்மாள் முந்தானையைப் பிழிந்தாள். "நல்லா இருக்கு ஆபீசரம்மா. மருந்து உங்களுது. தோப்பு பாயோடது. களி மட்டும் எங்களுக்கு."

முஹ்ஸினா நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டாள்.

"டீ குடிக்கியளா?"

"டீயக் குடிச்சா அவரு வெளியே வந்துருவாரா?"

"வர மாட்டாரு."

"பெறகு எதுக்கு? சரி, கொண்டாரச் சொல்லுங்க."

டீ வரும்வரை முஹ்ஸினா கைப்பேசியில் அந்தப் படத்தைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தாள். நேற்றிலிருந்து எத்தனையோ தடவை திறந்து மூடியாகிவிட்டது. தட்டு தெரியும், மனம் தட்டுக்கு அப்பால் கிடந்த கையைத்தான் பார்க்கும். மூடிவிடுவாள்.

சொக்கம்மாள் எட்டிப் பார்த்தாள். "இதுதான் அந்தப் பழமா?"

"ஆமா."

"இப்படிப் பழத்த நான் வித்தா, குளிக்க வந்தவன் மூஞ்சியிலயே எறிவான்."

"ஏன்?"

"ஏன்னா? மஞ்சளா வழிஞ்சு கெடக்குல்லா. நல்லாப் பாருங்க."

முஹ்ஸினா படத்தை விரலால் விரித்தாள். முதல் ஓடு. உள்புறம் மஞ்சள் கட்டி. இரண்டாவது. மூன்றாவது. ஐந்தையும் பார்த்தாள். பிறகு பீரோவைத் திறந்து பதிவேட்டை எடுத்தாள்.

அதில் இரண்டு பத்தி. ஒன்று, தெளித்த தோப்பு. மற்றது, ஒப்பிட்டுப் பார்க்கத் தெளிக்காமல் விட்ட தோப்பு. தெளித்ததில் இந்த சீசனில் அவள் உடைத்தது அறுபது பழம், பிசின் இருந்தது இரண்டில். தெளிக்காததில் அறுபதுக்கு நாற்பத்தொன்று.

"என்னம்மா கணக்கு?"

"அறுபதுல ரெண்டுதான் இப்படி வரும். தட்டுல அஞ்சும் இப்படி இருக்கு."

"அப்படின்னா?"

"இது மைதீன் மாமா தோப்புப் பழம் இல்லை."

சொக்கம்மாள் டீயைக் கீழே வைத்தாள். "அப்ப மருந்தே அடிக்காத பழத்துல எப்படி மருந்து ஏறும்?"

முஹ்ஸினா படத்தை மூடவில்லை.

10.45.

பீர் மைதீனின் தோப்பில் முஹ்ஸினா இருபது மரங்களில் மரத்துக்கு ஒரு பழமாகப் பறித்து உடைத்தாள். சொக்கம்மாள் எண்ணிக்கொண்டே வந்தாள். இருபதில் ஒன்றில் மட்டும் நகக்கண் அளவு மஞ்சள். மற்றதெல்லாம் வெள்ளைச் சுளை.

"போயி இன்ஸ்பெக்டர்ட்ட சொல்லுங்க" என்றாள் சொக்கம்மாள்.

"சொன்னா, 'பாய் வேற எங்கயாவது வாங்கித் தின்னிருப்பாரு'ம்பாரு."

"தோப்பு முழுக்கப் பழத்த வச்சிக்கிட்டு, மனுசன் கடையில போயி வாங்குவாராக்கும்."

"வாங்கமாட்டாரு. யாரோ கொண்டுவந்து போட்டிருக்காங்க. குற்றாலத்தைச் சுத்தித் தெளிக்காத தோப்பு நெறைய இருக்கு. யாருன்னு எப்படிச் சொல்ல?"

முஹ்ஸினா மரத்தடியில் நின்று, போலீஸ் இன்னும் யாரிடம் கேட்கவில்லை என்று யோசித்தாள். ஒரு ஆளிடம்தான் யாரும் உட்கார்ந்து கேட்கவில்லை.

12.30.

பீர் மைதீனின் மனைவி ஹாஜரா பீவி உள்ளறையில் வெள்ளைத் துப்பட்டியோடு உட்கார்ந்திருந்தாள். கணவன் இறந்ததால் இத்தா இருப்பவள். நாலு மாதம் பத்து நாள், வெளி ஆண்கள் முன்னால் வரமாட்டாள். இன்ஸ்பெக்டர் வாசலோடு திரும்பியிருந்தார். அவர் அனுப்பிய பெண் போலீஸ், 'மனைவிக்கு ஒன்றும் தெரியாது' என்று ஒரு வரி எழுதிக்கொண்டு போயிருந்தாள்.

"உக்காரும்மா" என்றாள் ஹாஜரா பீவி. "கஞ்சி குடிச்சியா?"

"குடிச்சேன் மாமி." குடிக்கவில்லை.

"எனக்குத்தான் எறங்க மாட்டேங்கி. வச்ச கஞ்சி அப்படியே ஆறிக் கெடக்கு. துக்கமும் இல்லை, ஒண்ணும் இல்லை."

"போலீஸ்காரப் பிள்ளை என்ன கேட்டுச்சு மாமி?"

"வீட்டுக்காரருக்கு எதிரி உண்டான்னு கேட்டுச்சு. கெடையாதுன்னேன். போயிட்டு."

"வேற ஒண்ணும் கேக்கலையா?"

"வேற என்னத்தக் கேக்க?"

முஹ்ஸினா எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் நேராகவே சொன்னாள். "மாமா வியாழக்கிழமை நாலு மணிக்குப் பழம் தின்னாங்களாம். அதுலதான் விஷம்னு சொல்லுதாங்க."

ஹாஜரா பீவி தலையைத் தூக்கினாள்.

"நாலு மணிக்கா? யாரு பார்த்தா?"

"சிவசைலம் அண்ணாச்சி."

"வியாழக்கிழமையா?"

"ஆமா மாமி."

"அவுக நோம்புல்லா."

அறையில் ஓதிக்கொண்டிருந்த ஒரு பெண் நிறுத்தினாள். மறுபடி தொடங்கினாள்.

"என்ன நோம்பு மாமி?"

"சுன்னத் நோம்பு, நாமளா விரும்பிப் பிடிக்கது. மக்காவுக்கு உம்ரா போயிட்டு வந்ததுலருந்து திங்களும் வியாழனும் பிடிப்பாக. யாருட்டயும் சொல்ல மாட்டாக. சொன்னா பெருமையாப் போயிரும், அல்லா குடுக்குற கூலி போயிரும்பாக. ஆசிக்குக்கே தெரியாது."

"வியாழக்கிழமை பிடிச்சாங்கன்னு நிச்சயமா?"

"நான்தான போன் போட்டு சஹர் சாப்பாட்டுக்கு எழுப்பி விட்டேன். விடியக்காலை நாலு மணிக்கெல்லாம் எந்திரிச்சு, முந்துன ராத்திரி அனுப்பின சோத்தத் தின்னாக. தின்னுட்டு, 'உப்பு கம்மி'ன்னாக." ஹாஜரா பீவி தன் கைகளைப் பார்த்துக்கொண்டாள். "நோம்பு தொறக்க மூணு பேரீச்சம்பழம் ஒரு டப்பாவுல குடுத்துவிட்டிருந்தேன். பச்சை மூடி."

முஹ்ஸினா கைப்பேசியில் இரண்டாவது படத்தைத் திறந்து நீட்டினாள். பலகை. டப்பா. உள்ளே மூன்று கொட்டைகள்.

"இதுதான்" என்றாள் ஹாஜரா பீவி. "தின்னுருக்காக."

"பக்கத்துல இந்த வட்டம் என்னது மாமி? பிளாஸ்க் வச்ச தடமா?"

"பிளாஸ்க்கு அந்தா இருக்கு, அலமாரியில. கொட்டகையில அடுப்பும் கெடையாது, பிளாஸ்க்கும் கெடையாது."

"மாமாவுக்கும் அண்ணாச்சிக்கும் ஏதாவது பேச்சு உண்டா?"

ஹாஜரா பீவி துப்பட்டியை இழுத்து விட்டுக்கொண்டாள். "பேச்சுன்னு இல்லை. ஆசிக்கு புதன்கிழமை போன் பண்ணினான். அனுப்பின பெட்டியில ரெண்டு பெட்டி முழுக்க மஞ்சப் பிசினாம். அங்க வாங்கினவன் திருப்பி விட்டுட்டானாம். நம்ம மரத்துல அப்படி வராதேன்னு அவுக யோசிச்சாக. பெட்டிய ஏர்போர்ட்டுக்குக் கொண்டுபோற வண்டி சிவசைலத்தோடது. அவுக அவருக்குப் போன் போட்டு, 'தோப்புக்காரங்க சங்கத் தலைவருன்னு உன்னைய உக்கார வச்சிருக்கோம். ஞாயித்துக்கிழமை கூட்டத்துல நீயே சொல்லிரு. நீ சொல்லலைன்னா நான் சொல்லுவேன்'னாக. அவ்வளவுதான். சத்தம்கூடப் போடல."

"இதை யாருகிட்டயும் சொல்லலையா மாமி?"

"யாரு கேட்டா?"

3.40.

"அஞ்சு நிமிசம்தான்" என்றார் காவல் நிலையத்தில் கௌரிசங்கர். முஹ்ஸினா சொன்னதைப் பத்து நிமிடம் கேட்டார். இடையில் ஒரு தடவை எழுந்து, டாக்டருக்குப் போன் செய்து, "பழுப்புத் தண்ணின்னா காபியா இருக்குமா சார்?" என்று கேட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார். ஒரு ஆளைச் சிவசைலத்தின் வீட்டுக்கு அனுப்பினார்.

சிவசைலம் வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட வந்தார். வெள்ளை வேட்டி, நெற்றியில் விபூதி. முஹ்ஸினாவைப் பார்த்து, "வா புள்ள" என்றார், அவருடைய வீட்டுக்கு அவள் வந்த மாதிரி.

"கையெழுத்துக்கு முன்னாடி ஒருக்க படிச்சிருவோம்" என்றார் இன்ஸ்பெக்டர். "வியாழன் நாலு மணிக்கு மைதீன் பாயைப் பார்த்தீங்க."

"ஆமா."

"தின்னுக்கிட்டு இருந்தாரு."

"ஆமா."

"வாயில போட்டதை உங்க கண்ணால பார்த்தீங்க."

"பார்த்தேன். ரெண்டு சுளை. கொட்டையத் துப்பினாரு."

"தப்பு ஒண்ணும் இல்லையே? நேரம் மாறலையே?"

"எதிர்ல நின்னு பார்த்தவன் சொல்லுதேன்."

இன்ஸ்பெக்டர் முஹ்ஸினாவைப் பார்த்துத் தலையசைத்தார்.

"அண்ணாச்சி" என்றாள் முஹ்ஸினா. குரல் அவளுக்கே யாரோ பேசுவதாகக் கேட்டது. "மாமா அன்னைக்கு நோன்பு. விடியக்காலையிலருந்து பச்சத் தண்ணி பல்லுல படலை. ஆறே முக்காலுக்குத்தான் பேரீச்சம்பழத்தால நோன்பு தொறந்தாங்க. கொட்டை மூணும் டப்பாவுல இருக்கு."

"ரம்ஸான் முடிஞ்சு எத்தனை மாசம் ஆச்சு?" என்றார் சிவசைலம்.

"இது வேற நோன்பு. வாரத்துக்கு ரெண்டு நாள். சொல்லாமப் பிடிக்கிறது."

"எனக்குத் தெரியாம? முப்பது வருசம் புள்ள."

"மாமியைத் தவிர யாருக்கும் தெரியாது. தெரிஞ்சிருந்தா நாலு மணின்னு சொல்லியிருக்க மாட்டீங்க."

சிவசைலம் துண்டைத் தோளிலிருந்து எடுத்து மடியில் வைத்தார்.

"தட்டுல இருந்த அஞ்சு ஓட்டுலயும் மஞ்சப் பிசின்" என்று முஹ்ஸினா தொடர்ந்தாள். "மாமா தோப்புல இருபதுக்கு ஒண்ணுக்கு மேல வராது. தெளிக்காத தோப்புல பறிச்சது அது. ஒப்பிட்டுப் பார்க்கிறதுக்கு என் தோப்பை வச்சிக்கோன்னு நீங்கதான் சொன்னீங்க. சீசன் பூரா உங்க பழத்தை உடைச்சு எழுதிக்கிட்டு வந்திருக்கேன். தெளிச்ச பழத்துக்கு விலை கூடன்னு எடுத்துக்கிட்டு, மாமா பெட்டியில நீங்க மாத்தி வச்சதும் அந்தப் பழம்தான். ரெண்டும் ஒண்ணுன்னு நெனச்சுத்தான் மாத்தினீங்க. ரெண்டும் ஒண்ணுன்னு நெனச்சுத்தான் தட்டுலயும் வச்சீங்க."

"விஷம் பழத்துலன்னு சொன்னது டாக்டரு."

"பூச்சிமருந்துன்னுதான் டாக்டர் சொன்னாரு" என்றார் இன்ஸ்பெக்டர். "பழம்னு சொன்னது நீங்க. பலகையில ஒரு பிளாஸ்க் தடம் இருக்கு. கொட்டகையில பிளாஸ்க் இல்லை. உங்க வீட்ல இருக்கான்னு பார்க்க ஆள் போயிருக்கு."

சிவசைலம் வெகுநேரம் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார். வெளியே அருவிக்குப் போகும் வண்டிகள் ஒன்றையொன்று ஒலியெழுப்பித் தள்ளிக்கொண்டிருந்தன.

"பிளாஸ்க்கு கெணத்துல கெடக்கு" என்றார். "ஆளு வீணா அலைய வேண்டாம்."

இன்ஸ்பெக்டர் பேனாவைத் திறந்தார்.

"சுக்குக் காபி. வீட்ல போடச் சொல்லி நாலு மணிக்கு நானே கொண்டு போனேன். 'வச்சிட்டுப் போ, அப்புறம் குடிக்கேன்'னான். குடிச்சிட்டுக் குடு, பிளாஸ்க்கு வேணும்னேன். 'நாளைக்கு வாங்கிக்கோ'ன்னு சிரிச்சான். குடிக்க மாட்டான்னுதான் நெனச்சேன். குடிக்கலைன்னா காலைல போயி எடுத்துக் கொட்டிருவோம்னுகூட நெனச்சேன். எதுக்கும் இருக்கட்டும்னு காலைல வீட்ல தின்னு போட்ட ஓட்டை மடியில கட்டிக்கிட்டுத்தான் போனேன்." துண்டை மடித்தார், விரித்தார், மடித்தார். "கூட்டத்துல எந்திரிச்சு நின்னு, 'நான் பழத்த மாத்தினேன்'னு எப்படிச் சொல்ல? எங்க தாத்தா காலத்துலருந்து கோயில்ல மொத மரியாதை எங்களுக்கு. அதைச் சொல்லச் சொன்னான். சத்தம் போட்டுத் திட்டியிருந்தாக்கூடப் போயிருக்கும்."

இன்ஸ்பெக்டர் எழுதிக்கொண்டிருந்தார்.

"புள்ள" என்றார் சிவசைலம். "அந்தப் பையில என்ன?"

"பழம். காட்டறதுக்குக் கொண்டுவந்தேன். ரெண்டு தோப்புலயும் பறிச்சது."

"உடைச்சுக் காட்டு. ரெண்டையும் ஒண்ணா வச்சு நான் பார்த்ததில்லை."

முஹ்ஸினா இன்ஸ்பெக்டரைப் பார்த்தாள். அவர் காகிதத்தை ஒதுக்கி இடம் விட்டார். அவள் ஒன்றை உள்ளங்கையில் வைத்து அமுக்கினாள். மஞ்சள் வழிந்த சுளை. இன்னொன்றை அமுக்கினாள். அது வெள்ளையாக, உதிர்ந்த பல் மாதிரி சுத்தமாக இருந்தது. இரண்டையும் மேசையில் வைத்தாள்.

சிவசைலம் குனிந்து பார்த்தார். வெள்ளைச் சுளையை விரலால் தொட்டார்.

"அப்ப மருந்து பிடிச்சிருக்கு" என்றார்.

4.50.

சங்கிலிப்பாண்டியைப் பின்கட்டிலிருந்து அழைத்து வந்து முன்னறை பெஞ்சில் உட்கார வைத்தார்கள். மெலிந்த ஆள். இரண்டு நாளில் இன்னும் மெலிந்திருந்தான். சொக்கம்மாள் அவனுக்கு மாற்றுச் சட்டை கொண்டுவந்திருந்தாள்.

"நீ போகலாம்ப்பா" என்றார் கௌரிசங்கர். "உன் மேல கேஸ் இல்லை."

"நான் ஒத்துக்கிட்டேனே சார்."

"அதைக் கிழிச்சாச்சு."

"பாய் பழத்தால சாகலையா?"

"இல்லை. காபியில."

சங்கிலிப்பாண்டி தலையை ஆட்டினான். எழுந்திருக்கவில்லை. முஹ்ஸினாவைப் பார்த்தான்.

"அப்ப நான் டேங்கைக் கழுவினேனா ஆபீசரம்மா?"

அவளுக்கும் தெரியாது. தோப்பில் பறித்த பழத்தில் ஒரு டஜனை ஆய்வகத்துக்கு அனுப்பிவிட்டுத்தான் வந்திருந்தாள்.

"தெரியலை, பாண்டி. பழத்தைச் சோதனைக்கு அனுப்பியிருக்கேன். அதுவரைக்கும் தோப்புல ஒரு பழம் வெளிய போகாது."

"என்னைக்குத் தெரியும்?"

"புதன்கிழமை வரும்."

"ஏ, எந்திரியும்" என்றாள் சொக்கம்மாள். "பஸ்ஸு போயிரும். வீட்ல போயி யோசிக்கலாம்."

"நீ போ."

"நான் எங்க போக? வெளியே விட்டுட்டாங்கன்னு சொல்லுதாங்கல்லா, காதுல விழலையா?"

"விழுந்துட்டு" என்றான் சங்கிலிப்பாண்டி. கையில் இருந்த சட்டையை மடித்துப் பக்கத்தில் வைத்தான். "சார், புதன்கிழமை வரைக்கும் நான் இங்கனயே இருந்துக்கிடுதேன்."

சொக்கம்மாள் புருசனைப் பார்த்தாள், வாசலைப் பார்த்தாள். பிறகு மடித்த சட்டையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, அது இருந்த இடத்தில் உட்கார்ந்தாள்.